லாக்அவுட் என்றால் லீவு இல்லை: துயரச் செய்திகளின் வழியே உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் காலை எங்கள் எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துச் சுவரில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கொழுந்துக் கூடையோடு வந்து நின்ற பெண்கள் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, இது என்னான்னு வாசிச்சுச் சொல்லு" என்றார்கள். 'லாக்அவுட்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். லாக் என்றால் பூட்டு என்று தெரியும். அதை வைத்து, "ஆபீஸைப் பூட்டியிருக்காங்க, இன்னைக்கு லீவு" என்று சொன்னேன். எல்லோரும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்பிப் போனார்கள். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை சரிந்து, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பீருமேடு தாலுகாவில் எஸ்டேட் எஸ்டேட்டாக மூடிய காலம் அது. அந்த லீவு வருஷக்கணக்கில் நீண்டது.

இப்போது வண்டிப்பெரியாரில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பையன்கள், வங்கித் தேர்வு எழுதுபவர்கள், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுகள் எழுதப்போகும் நர்ஸிங் பெண்கள் என்று கலந்து வருகிறார்கள். பெரும்பாலும் லயத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், கடையிலும் ஆபீஸிலும் மலையாளம், தேர்வில் ஆங்கிலம். இவர்களுக்கு ஆயிரம் கடினச் சொற்கள் அடங்கிய பட்டியலை மனப்பாடம் செய்ய வைத்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் பாதி மறந்துபோனது. பிறகுதான் போர், பஞ்சம், நிலச்சரிவு, வேலைநிறுத்தம் பற்றிய செய்திகளுக்கு மாறினேன். இந்தச் செய்திகள் சொல்லும் வாழ்க்கையில் ஏதோ ஒரு பங்கு இவர்கள் வீட்டில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது மட்டும்தான் தெரியாமல் இருந்தது. நான் செய்துபார்த்து நிலைத்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு விஷயம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வசதிக்காக ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

முதல் படி: தெரிந்த துயரத்திலிருந்து தொடங்குங்கள்

எடுத்தவுடன் காசா, உக்ரைன், சூடான் என்று போகாதீர்கள். இடமும் தெரியாது, சொல்லும் தெரியாது என்றால் இரண்டும் மனதில் ஒட்டாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு நிகழ்வை எடுத்து, அதன் முதல் நாள் செய்தியிலிருந்து கடைசி நாள் செய்தி வரை வரிசையாக வாசியுங்கள்.

நாங்கள் எடுப்பது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலைப் பக்கம் நிலம் சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. இறந்தவர்களும் கிடைக்காமலே போனவர்களும் சேர்த்து 70 பேர், அநேகமாக எல்லோரும் நம் தமிழ் ஜனங்கள். மின்சாரமும் போனும் அறுந்திருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியே தெரிந்தது. அந்த நாட்களின் ஆங்கிலச் செய்திகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நாளும் வினைச்சொல் மாறுவது தெரியும்.

இத்தகைய விபத்துகளில் முதல் நாள் 'ஃபியர்ட் ட்ராப்ட்' என்று வரும். உள்ளே சிக்கியிருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது என்று பொருள். இன்னும் உறுதி இல்லை, நம்பிக்கையும் போகவில்லை. அடுத்து 'மிஸ்ஸிங்'. நாட்கள் போனபின் 'மிஸ்ஸிங், ப்ரிஸ்யூம்ட் டெட்', அதாவது இறந்துவிட்டதாகவே கொள்ளப்படுகிறார்கள். தொடக்கத்தில் 'ரெஸ்க்யூ ஆபரேஷன்' என்று எழுதிய பத்திரிகை, ஒரு கட்டத்தில் ஓசையில்லாமல் 'சர்ச் ஆபரேஷன்' என்று மாற்றிவிடும். உயிரோடு மீட்டால் 'ரெஸ்க்யூட்'. உடலை எடுத்தால் 'ரெக்கவர்ட்' அல்லது 'ரெட்ரீவ்ட்'. தமிழில் ஆளையும் மீட்டார்கள், உடலையும் மீட்டார்கள் என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுவோம். ஆங்கிலச் செய்தியில் அந்த ஒரு சொல்லில்தான் உயிர் இருந்ததா இல்லையா என்பது இருக்கிறது. இதைப் பலகையில் எழுதிக் காட்டிய அன்று என் வகுப்பில் யாரும் பேசவில்லை. யாருக்கும் அது மறக்கவும் இல்லை.

இரண்டாம் படி: முதலில் தமிழ், பிறகு ஆங்கிலம் இரண்டு தடவை

அதே செய்தியைத் தமிழிலோ மலையாளத்திலோ வாசித்து, என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் ஆங்கிலச் செய்தியை அகராதி தொடாமல் ஒருமுறை முழுவதும் ஓடவிடுங்கள். இரண்டாம் வாசிப்பில் பென்சிலால் ஆறு சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஆறுக்கு மேல் வேண்டாம். எந்த ஆறு? அந்தச் சொல் இல்லாவிட்டால் செய்தியே புரியாது என்பது போன்றவை, அல்லது போன வாரம் வேறொரு செய்தியில் கண்ணில் பட்டவை. ஒரே ஒருமுறை வரும் அலங்காரச் சொல்லை விட்டுவிடலாம்.

மூன்றாம் படி: சொல்லைத் தனியாக எழுதாதீர்கள்

'டோல்' என்றால் எண்ணிக்கை என்று எழுதிவைத்தால் அது பயன்படாது. 'த டெத் டோல் ரோஸ் டு' என்று கூட்டாளிகளோடு எழுதுங்கள். அது பெரும்பாலும் 'ரோஸ்', 'க்ளைம்ப்ட்', 'மவுண்டட்' என்று ஏறுகிற வினைகளோடுதான் வரும். அதுபோல 'ப்ரண்ட்' என்ற சொல் தனியாக நடமாடாது. 'பேர் த ப்ரண்ட் ஆஃப்' என்றுதான் வரும், அடியின் முழு வேகத்தையும் தாங்குவது. 'ஈக்' என்றால் 'ஈக் அவுட் எ லிவிங்', கையைக் கடித்துக்கொண்டு பிழைப்பை ஓட்டுவது. 'ப்ரிங்க்' என்றால் 'ஆன் த ப்ரிங்க் ஆஃப்', விளிம்பில்.

சில சொற்கள் இடத்துக்கு இடம் முகம் மாற்றும். 'த லேண்ட்ஸ்லைட் க்ளெய்ம்ட் 70 லைவ்ஸ்' என்றால் நிலச்சரிவு உயிர்களைப் பறித்தது. 'த கம்பெனி க்ளெய்ம்ட்' என்றால் நிறுவனம் அப்படிச் சொல்லிக்கொள்கிறது, எழுதுபவர் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. நிவாரணம் கேட்டுப் போடும் விண்ணப்பமும் 'க்ளெய்ம்'தான். என் மாணவர்கள் இதற்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான்காம் படி: அண்ணன் தம்பிச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள்

நேரம் முழுவதையும் இதில் போட்டாலும் தகும். உயர்நிலைச் சொல்வளம் என்பது நீளமான சொற்கள் தெரிவது என்று பலரும் நினைக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்கு நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிவதுதான் அது என்பது என் எண்ணம். துயரச் செய்திகளில் அந்தக் கோட்டின் இந்தப் பக்கம் பணம் கிடைக்கும், அந்தப் பக்கம் கிடைக்காது.

'காஷுவல்ட்டி'யில் தொடங்கலாம். செய்தியில் அதைப் பார்த்தவுடன் இறந்தவர் என்று எழுதிவிடுவார்கள். கேரளத்தில் வாழ்கிற நமக்கு இதில் குழப்பமே வரக்கூடாது. இங்கே ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் பெயரே காஷுவல்ட்டிதான். அடிபட்டவரை உயிரோடு கொண்டுபோகிற இடம் அது. போர்ச் செய்தியிலும் அப்படியே: இறந்தவர், காயம்பட்டவர் இரண்டு பேரும் காஷுவல்ட்டி. இறந்தவர் மட்டும் என்றால் 'ஃபடாலிட்டி'. ஐநூறு காஷுவல்ட்டி என்று வாசித்து ஐநூறு பேர் செத்தார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

பசி, பட்டினி, பஞ்சம் மூன்றும் தமிழில் நமக்கு வேறு வேறு. ஆங்கிலத்திலும் 'ஹங்கர்', 'ஸ்டார்வேஷன்', 'ஃபேமின்' வேறு வேறு. ஸ்டார்வ் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் இறப்பது என்றே பொருள் இருந்தது. ஃபேமின் என்பதை இன்று யாரும் மனம்போனபடி அறிவித்துவிட முடியாது. உணவு நெருக்கடியை அளக்கும் ஐபிசி என்ற சர்வதேச அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு: மினிமல், ஸ்ட்ரெஸ்ட், க்ரைஸிஸ், எமர்ஜென்ஸி, கடைசியில் ஃபேமின். குறைந்தது 20 சதவீதக் குடும்பங்களுக்குச் சாப்பாடே இல்லாத நிலை, 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டக்குறைவு, 10,000 பேருக்கு நாளொன்றுக்கு 2 பேராவது மரணம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2011-இல் சோமாலியாவிலும், 2017-இல் தென் சூடானிலும், 2024-இல் சூடானின் ஜம்ஜம் முகாமிலும், 2025 ஆகஸ்டில் காசாவிலும் அந்தச் சொல் பயன்பட்டது. அதனால் 'ஆன் த ப்ரிங்க் ஆஃப் ஃபேமின்' என்று வாசிக்கும்போது அது வெறும் மிகைப்பேச்சு இல்லை, நான்காம் நிலையில் நிற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் எதைப் பஞ்சம் என்று அறிவிப்பது என்று பிரிட்டிஷ் இந்திய அரசு விதிகள் எழுதியது. 'ட்ரௌட்' என்பது வறட்சி. மழை பொய்ப்பது ட்ரௌட், சோறு பொய்ப்பது ஃபேமின். ட்ரௌட் வந்த எல்லா இடத்திலும் ஃபேமின் வருவதில்லை.

இடம்பெயர்ந்தவர்களைக் குறிக்கும் சொற்களுக்கு எங்களுக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. வண்டிப்பெரியாரிலிருந்து மலையேறினால் கவி. அங்கே வனத்துறைக் கழகத்தின் ஏலத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் பல, இலங்கையிலிருந்து வந்தவை. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்கள். இவர்களை ஆங்கிலத்தில் 'ரிபாட்ரியேட்' என்றுதான் எழுதவேண்டும், தாயகம் திரும்பியவர். 1983 கலவரத்துக்குப் பின் படகில் ராமேஸ்வரம் வந்தவர்கள் 'ரெஃப்யூஜி'. ஒப்பந்தம் நிறைவேறும்வரை எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்தவர்கள் 'ஸ்டேட்லெஸ்'. நாட்டுக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு விரட்டப்பட்டவர் 'இண்டர்னலி டிஸ்ப்ளேஸ்ட்'. மழைக்கு முன் பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டவர் 'இவாக்யுயீ'.

1951 அகதிகள் உடன்படிக்கை ரெஃப்யூஜி என்பவரைச் சொந்த நாட்டுக்கு வெளியே இருப்பவர், இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சுபவர் என்று வரையறுக்கிறது. வெள்ளத்தில் வீடிழந்தவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். அதனால்தான் 'க்ளைமேட் ரெஃப்யூஜி' என்ற சொல்லைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. சொல் லேசானது இல்லை என்பதற்கு இன்னொன்று: 2021-இல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது.

போரின் முடிவைக் குறிக்கும் சொற்களும் இப்படித்தான். 'ட்ரூஸ்' சிறு ஓய்வு. அது 'ட்ரூ' என்ற சொல்லோடு உறவுள்ளது, வாக்கு கொடுப்பது. 'சீஸ்ஃபயர்' சண்டையை நிறுத்துவது. 'ஆர்மிஸ்டிஸ்' முறையாகக் கையெழுத்திட்டு ஆயுதத்தை நிறுத்துவது. இவற்றில் எதுவும் 'பீஸ் ட்ரீட்டி' ஆகாது. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று ஆர்மிஸ்டிஸ் கையெழுத்தானது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. 'ஸீஜ்' என்றால் முற்றுகை. அந்தச் சொல்லுக்கு வேர் இருக்கை: ஊரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வது. 'ப்ளாக்கேட்' உள்ளே பொருள் போகவிடாமல் தடுப்பது.

இனி நம் வாசலில் நிற்கும் சொற்கள். 'ஸ்ட்ரைக்' தொழிலாளி வேலையை நிறுத்துவது. 'லாக்அவுட்' முதலாளி வேலை தராமல் தற்காலிகமாக நிறுத்துவது. 'க்ளோஷர்' நிரந்தரமாக மூடுவது. 'லே-ஆஃப்' வேலை தர முடியாத நிலையில் சிறிது காலம் வீட்டுக்கு அனுப்புவது. 'ரெட்ரென்ச்மெண்ட்' ஆளைக் குறைப்பது. 1947 தொழில் தகராறு சட்டத்தில் இந்த ஐந்துக்கும் தனித்தனி விளக்கம் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் தொழிலாளிக்குச் சேரவேண்டியது வேறு. அன்று பெரட்டுக் களத்தில் இந்த வேறுபாடு எனக்குத் தெரிந்திருந்தால், லீவு என்று சொல்லியிருக்கமாட்டேன். தொழிற்சங்கத்து ஆளை அன்றே கூப்பிடச் சொல்லியிருப்பேன்.

'எக்ஸ் க்ரேஷியா' என்ற லத்தீன் சொல்லையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தயவின் பேரில் என்று பொருள். 'காம்பென்ஸேஷன்' உரிமையாகக் கேட்பது, எக்ஸ் க்ரேஷியா கொடுப்பவர் விருப்பம். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் பொம்பிளை ஒருமை என்ற பெயரில் தெருவுக்கு வந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். அந்த ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் வாசித்தால் 8.33 சதவீதம்தான் போனஸ், மீதி 11.67 சதவீதம் எக்ஸ் க்ரேஷியா. பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பங்களுக்குக் கேரள அரசு முதலில் அறிவித்தது 5 லட்சம், மறுநாள் நடந்த கரிப்பூர் விமான விபத்துக்கு 10 லட்சம். ஏன் இந்த வித்தியாசம் என்று அப்போதே கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க 'டிஸ்பாரிட்டி' என்ற சொல் வேண்டும். வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு கடன் பற்றிய செய்திகளில் 'வெய்வர்', 'மொரட்டோரியம்' இரண்டும் மாறி மாறி வந்தன. முன்னது தள்ளுபடி, பின்னது தள்ளிவைப்பு. வீடும் நிலமும் போனவருக்கு இரண்டும் ஒன்றா?

ஐந்தாம் படி: யார் சொல்கிறார் என்று பாருங்கள்

'ஸெட்' நடுநிலை. 'அலெஜ்ட்' குற்றம் சாட்டினார், நிரூபிக்கவில்லை. 'கன்ஸீடட்' விருப்பமில்லாமல் ஒப்புக்கொண்டார். 'ரீட்டரேட்டட்' திரும்பவும் சொன்னார். 'டினைட்' மறுத்தார், 'ரெஃப்யூட்டட்' ஆதாரம் காட்டிப் பொய் என்று நிறுவினார். இந்தக் கடைசி இரண்டைத் தேர்வில் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம்.

இதற்கு நல்ல பயிற்சி முல்லைப்பெரியாறு. அணையிலிருந்து வரும் தண்ணீர் முதலில் தொடும் ஊர்களில் ஒன்று எங்களுடையது. தேனிப் பக்கத்து வயல்களுக்குப் போவதும் அதே தண்ணீர். 1895-இல் கட்டி முடித்தது, 1979-இல் நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தது, 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது: இந்த உண்மைகள் எல்லாப் பத்திரிகையிலும் ஒன்றுதான். ஒரு பக்கத்துச் செய்தியில் 'ஏஜிங் டேம்' (வயதான அணை), 'டவுன்ஸ்ட்ரீம்' (ஆற்றின் கீழ்ப்பக்கம்), 'அப்ரிஹென்ஷன்' (அச்சம்) என்று வரும். மறுபக்கத்துச் செய்தியில் 'ரைட்ஃபுல் ஷேர்' (உரிமையான பங்கு), 'அன்ஃபௌண்டட்' (ஆதாரமற்ற), 'லைஃப்லைன்' (உயிர்நாடி) என்று வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, உண்மையைச் சொல்லும் சொற்களுக்கு நீலக்கோடு, மனதை ஒரு பக்கம் தள்ளும் சொற்களுக்குச் சிவப்புக்கோடு போடுங்கள். இதே பழக்கத்தோடு போர்ச் செய்திக்குப் போங்கள். ஒரு பக்கத்துக் குழந்தைகள் 'வேர் கில்ட்' (கொல்லப்பட்டார்கள்), மறுபக்கத்துக் குழந்தைகள் 'டைட்' (இறந்தார்கள்) என்று எழுதியிருந்தால் நின்று பாருங்கள். கொன்றவர் யார் என்பது வாக்கியத்திலிருந்து எங்கே போனது என்று தேடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். நாளைக்கு ஒரு செய்தி, இருபது நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் வேண்டவே வேண்டாம். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்தவர்கள் இந்த வகைச் செய்தியைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். ஆறு சொற்களை எழுதி முடித்ததும் நோட்டின் அடியில் அந்தச் செய்தியில் இருந்த மனிதர்களைப் பற்றித் தமிழில் ஒரு வரி எழுதச் சொல்கிறேன். சொல் கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் ஆளை மறந்துவிடக் கூடாது.

ஆறாம் படி: காதுக்குக் கொடுங்கள்

கண்ணால் மட்டும் படித்தால் உச்சரிப்பு கெடும். இடிபாடு என்பது 'டெப்ரீ', டெப்ரிஸ் இல்லை. காயம் 'வூண்ட்'. புதைந்தது 'பெரீட்'. ஆட்சிக் கவிழ்ப்பு 'கூ', கடைசி எழுத்து ஒலிக்காது. படைப்பிரிவு 'கோர்'. நம் எழுத்தில் ப ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்பதால், உச்சரிப்பைத் தமிழில் எழுதி நம்புவது ஓரளவுக்குத்தான் உதவும். ஆகாசவாணி ஆங்கிலச் செய்தி நிதானமாக இருக்கும், அதில் தொடங்கி பிபிசிக்குப் போகலாம். வாசித்த செய்தியையே அன்று கேளுங்கள், கூடவே உரக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: திரும்பிப் பார்ப்பது

மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மூன்று வாரம் கழித்து. தமிழ்ப் பக்கத்தை மறைத்து ஆங்கிலத்தைச் சொல்லிப் பாருங்கள். அவ்வளவுதான்.

எட்டாம் படி: சொந்த விஷயத்தை எழுதுங்கள்

வார இறுதியில் ஐந்து வாக்கியம். உலகச் செய்தியில் கற்ற சொல்லை உங்கள் லயத்துக்கு, உங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 'ப்ரிகேரியஸ்' என்ற சொல்லை ஒரு பையன் மழைக்காலத்தில் ஆடும் தங்கள் லயத்துக் கூரைக்குப் போட்டான். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குக் கெஞ்சிப் பெற்றது என்று பொருள், பிறர் தயவில் நிற்பது. அது சரியாகப் பொருந்தியது.

போன மாதம் நர்ஸிங் படிக்கும் ஒரு பெண் தன் பாட்டிக்காக ஒரு மனு எழுதிக் கொண்டுவந்தாள். பாட்டி முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர், கிராச்சுவிட்டிப் பணம் இன்னும் வரவில்லை. முதல் வடிவத்தில் 'ப்ளீஸ் ஹெல்ப்' என்று மூன்று இடத்தில் இருந்தது. "அக்கா, இதுல ஏதோ குறையுது" என்று அவளே சொன்னாள். இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கிராச்சுவிட்டி என்ற சொல்லுக்கு வேர் அன்பளிப்பு என்றாலும், 1972 சட்டத்துக்குப் பிறகு அது உரிமை. அதனால் ஹெல்ப் என்ற சொல்லை மூன்று இடத்திலும் அடித்தாள். 'ட்யூ' (சேரவேண்டியது), 'அன்பெய்ட்' (தரப்படாதது), 'வித்ஹெல்ட்' (தராமல் பிடித்துவைத்தது) என்று எழுதினாள், எந்தத் தேதியிலிருந்து என்றும் சேர்த்தாள். பாட்டிக்கு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்கினாள். மனுவின் நகல் என் வகுப்பில் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பிள்ளைகளோடு அதைத்தான் முதல் பாடமாக வாசிக்கப்போகிறோம்.